லதாவுக்குப் பதில் வேறு எழுத்து

நாலு மணிக்கு ஆரோக்கிய செல்வி வந்துவிடுவாள், அதற்குள் ஓர் எழுத்தைப் பிடித்தாக வேண்டும். பிடிப்பதற்கு எழுத்தென்ன கோழியா என்று எனக்கே கேட்கத் தோன்றுகிறது, ஆனால் காலையிலிருந்து அப்படித்தான் துரத்திக்கொண்டிருக்கிறேன், திரையில் பார்க்கும்போது இதுதான் என்று இருக்கும், தாளில் அச்சாகி வந்ததும் இது இல்லை என்று ஆகிவிடும். கோதை உள்ளறையில் தூங்குகிறாள். அங்கே மின்விசிறி சுற்றுக்கு ஒரு முறை டக்கென்கிறது, கழற்றி எண்ணெய் விட வேண்டும், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் வீட்டு மின்விசிறி இப்படிச் சத்தம் போட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும், இப்போது எழுத்து. பெங்களூரில் இருக்கும் மகன் இனியன் நேற்று அங்கிருந்தபடியே என் கணினிக்குள் புகுந்து ஒரு கூடை எழுத்துருக்களைக் கொட்டிவிட்டுப் போனான். "ஏம்ப்பா லதாவையே கட்டிக்கிட்டு அழறீங்க, மாத்திப் பாருங்க" என்றான். லதா என்பது இந்தக் கணினியில் தமிழைத் தட்டினால் கேட்காமலேயே வந்து உட்காரும் எழுத்தின் பெயர். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்ததால் கோதைக்கும் கேட்டுவிட்டது. "யாருங்க அது லதா?" என்றாள் கட்டிலில் படுத்தபடியே. எழுத்து என்றேன். "எழுத்துக்கெல்லாம் பேரு வச்சுக் கொஞ்சறீங்களாக்கும்." பேச்சில் ஒரு குறையும் இல்லை அவளுக்கு. பேச்சு அப்படியே இருக்கிறது, குத்தல் அப்படியே இருக்கிறது, கை எழுதச் சொன்னால் எழுதுகிறது, படிக்கிறது மட்டும்தான் போய்விட்டது.

போய்விட்டது என்று சொல்லக் கூடாது என்று செல்வி சொல்லியிருக்கிறாள். செல்வி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து கோதைக்குப் படிக்கப் பயிற்சி கொடுக்கிற பெண். "போயிருச்சுன்னு சொல்லாதீங்க சார், வழி அடைச்சிருக்கு, சுத்தி வரும்" என்பாள். சுற்றி வரட்டும், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் சுற்றி வரட்டும், வந்தால் சரி. இது வந்த அன்று காலை கோதை பேப்பரை விரித்துவிட்டு "ஏங்க, பேப்பர் நனைஞ்சிருச்சா, மையெல்லாம் கலைஞ்சு கெடக்கு" என்று கேட்டாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம், கல்யாணமானதிலிருந்து காலையில் காய் நறுக்குவது நான், பேப்பர் படிப்பது அவள், உரக்கப் படிப்பாள், நடுநடுவே அவளுடைய கருத்தும் வரும், அமைச்சர் பேசியது எது கோதை பேசியது எது என்று எனக்குப் பல நாள் பிரித்துத் தெரிந்ததில்லை. பணி ஓய்வு விருந்தில் ஒருத்தர் அன்றைய அரசியலைப் பற்றிக் கேட்டபோது நான் கோதை சொன்னதைச் செய்தியென்று நினைத்து எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டேன். அப்படிப்பட்டவள் மை கலைந்திருக்கிறது என்றால் கலைந்துதான் இருக்கும் என்று நம்பி பேப்பர் ஏஜென்டைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன். அவர் பாவம், மழையே இல்லையே சார் என்றார். ஆமாம், மழையே இல்லை. பேப்பரை வாங்கிப் பார்த்தேன், காய்ந்த பேப்பர், கறுப்பு எழுத்து, ஒன்றும் கலையவில்லை. கத்தியைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனதுதான். மூளையில் பின்பக்கம் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது என்றார்கள். எவ்வளவு சின்னது என்று கேட்டேன், டாக்டர் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் கடைக்கு என்னென்ன வேண்டும் என்று அவளே எழுதித் தந்தாள், அதே அழகான கையெழுத்து, சீரகம், பெருங்காயம், ரவை. கதவு வரை போனவன் திரும்பி வந்து ரவை எவ்வளவு என்று கேட்டேன். சீட்டை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் எழுதியதையே, மை காயாததையே. பிறகு "நீங்களே படிங்க" என்று என் சட்டைப் பையில் திணித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் தெருவில் நின்று அழுதேன், அழுதேன் என்று சொல்ல எனக்கென்ன வெட்கம்.

செல்வி கொண்டுவந்த பயிற்சித் தாள்கள் எல்லாம் லதாவில்தான் இருந்தன. ஆடு, இலை, உரல். கோதைக்கு ஆத்திரம் வந்தது. "துப்பறியும் கதை படிக்கறவ நான், கொலைகாரன் யாருன்னு பாதியிலேயே சொல்லிருவேன், எனக்கு உரல் படிக்கக் கத்துக் குடுக்கறீங்களாக்கும்." செல்வி சிரித்துச் சமாளித்தாள், நல்ல பெண், எதற்கும் கோபப்பட மாட்டாள். முதல் இரண்டு வாரம் கோதை விரலால் தொட்டுத் தொட்டு, ஒவ்வோர் எழுத்தாக, ஒரு சொல்லில் மூன்றெழுத்து வரைக்கும் சேர்த்துவிடுவாள். நாலாவது எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து நழுவிவிடும். இதெல்லாம் நல்ல அறிகுறி என்றாள் செல்வி. உடனே நான் உதவப் புறப்பட்டேன். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது, அதுதான் என் வியாதி. இன்னும் பெரிதாக அடிப்போம் என்று அடித்தேன், டாக்டரும் பெரிய எழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள் என்றுதானே சொன்னார், பெரிது, அதைவிடப் பெரிது, தாளைப் படுக்கவைத்து ஒரு தாளுக்கு ஒரு சொல். நான் பெரிதாக்க ஆக்க அவளுக்கு வருவது குறைந்துகொண்டே வந்தது. மூன்று எழுத்து இரண்டாயிற்று, போன தடவை ஒன்று, ஒரே ஓர் எழுத்தைச் சொல்லிவிட்டு "அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு" என்று தாளைக் குப்புறக் கவிழ்த்தாள். செல்வி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் செருப்பு மாட்டும்போது கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள், நான் பார்த்தேன். நேற்று ராத்திரி சாப்பிடும்போது கோதை சாவகாசமாகச் சொன்னாள், "நாளைக்கு ஒரு நாள் உக்காருவேன். அந்தப் பொண்ணு மனசு நோகக் கூடாது. அதுக்கப்புறம் எனக்கு எழுத்து வேண்டாங்க. டிவி இருக்கு, காது இருக்கு, நீங்க இருக்கீங்க." நீங்க இருக்கீங்களாம். நான் எதற்கு ஆவேன். பேப்பரை நான் படித்தால் மின்தடை அறிவிப்பு மாதிரி இருக்கும். அவளே ஒரு தடவை சொன்னாள், நீங்க படிச்சா சினிமாச் செய்திகூடச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் கரண்டு வராதுங்கற மாதிரியே இருக்கு. ஆக இன்றைக்கு நாலு மணிதான் கெடு, அவள் வைத்த கெடு, அவள் சொன்னால் சொன்னதுதான்.

அடுத்த எழுத்து. இது குண்டு எழுத்து, ஒவ்வொன்றும் ஜாங்கிரி மாதிரி இருக்கிறது, படிக்கவேண்டாம், சர்க்கரை வியாதிக்காரன் பார்க்கவே கூடாது. இதற்கடுத்தது கல்யாணப் பத்திரிகை எழுத்து, கொம்புக்கெல்லாம் கொடி சுற்றிவிட்டிருக்கிறார்கள், புள்ளி எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும். இது கையெழுத்து மாதிரி, யாரோ அவசரத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியது. இந்தப் பெயரை எத்தனை முறை தேர்ந்தெடுத்தாலும் திரையில் லதாவேதான் நிற்கிறாள், போகமாட்டேன் என்கிறாள், இனியனைக் கேட்டால் அது பழைய வகைப்பா, அதுக்கு வேற மாதிரித் தட்டச்சு பண்ணணும் என்பான், வேறு மாதிரிக்கு இந்த வயதில் நான் எங்கே போக. இது நன்றாக இருக்கிறது. இது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. கனமான எழுத்து, கம்பீரம், ரகரம் தனியாகத் தெரிகிறது, கால் தனியாகத் தெரிகிறது, குழப்பமே இல்லை, இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் நீ. அவள் பெயரையே அடித்துப் பார்ப்போம், தன் பெயரைப் பார்த்தால் யாருக்கும் ஒரு சந்தோஷம் வரும். பூங்கோதை தணிகாசலம். அடித்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்தேன், எங்கேயோ பார்த்த எழுத்தாக இருக்கிறதே, மிக நன்றாகத் தெரிந்த எழுத்து, நம் தெரு முனைக் கம்பத்தில், பால் பூத் சுவரில், படத்துக்குக் கீழே, தோற்றம், மறைவு. ஐயோ. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எழுத்து. எந்தப் பொத்தானை அமுக்குகிறேன் என்று தெரியாமல் அமுக்கி, முதலில் தணிகாசலம் அழிந்தது, பூங்கோதை மட்டும் தனியாக நின்றது, இன்னும் மோசம், அழி, அழி, கடைசியில் வெறும் வெள்ளைத் திரை. எழுந்து போய் உள்ளறைக் கதவருகில் நின்று பார்த்தேன். போர்வை ஏறி இறங்குகிறது. ஏறி இறங்குகிறது. எழுத்தில் என்ன இருக்கிறது, மூடநம்பிக்கை, படித்தவன் செய்கிற வேலையா இது, என்றாலும் அந்த எழுத்துருவையே கணினியிலிருந்து நீக்கிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தேன்.

தண்ணீர் குடிக்கப் போனபோது மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு இன்னும் கழுவாமல் தொட்டியில் கிடந்தது. பீன்ஸ் பொரியல் ஓர் ஓரத்தில் நாலு துணுக்கு ஒட்டியிருக்கிறது. மத்தியானமும் அதே கூத்துதான். இடது பக்கம் வைத்த கூட்டு, நடுவில் வைத்த சாதம் எல்லாம் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டு, வலது பக்கம் வைத்த பொரியலைத் தொடவே இல்லை. "பொரியல் பிடிக்கலையா கோதை?" என்றேன். "பொரியல் எங்க வச்சீங்க?" என்றாள். நான் தட்டைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினேன். "அட, இது எப்ப வந்துச்சு?" என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். தினமும் இதுதான், அவளுக்கு இரண்டு கண்ணிலும் வலது பக்கம் ஒரு திரை விழுந்திருக்கிறது, டாக்டர் வரைந்தே காட்டினார், அதனால் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் திருப்ப வேண்டும், கதவைத் தாண்டும்போது வலது தோளில் கைவைக்க வேண்டும், எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது, யோசிக்காமலேயே கை தானாகப் போய்த் தட்டைத் திருப்புகிறது. திருப்புகிறது. டம்ளர் என் கையிலேயே நின்றுவிட்டது. தட்டைத் திருப்பத் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லையா. பொரியல் வலது பக்கம் இருந்ததால் அவளுக்கு அது இல்லை. அப்படியென்றால் நான் பெரிதாகப் பெரிதாக, தாளைப் படுக்கவைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே சொல்லை நீட்டி அடித்துக் கொடுத்தேனே, அதில் முதல் எழுத்து மட்டும்தான் அவளுக்கு. மிச்சமெல்லாம் திரைக்கு அந்தப் பக்கம். ஓர் எழுத்தோடு அவ்வளவுதான் முடிஞ்சுபோச்சு என்றாளே, பொய் சொல்லவில்லை, அவளுக்கு அங்கே முடிந்துதான் போயிருந்தது. அவள் குறைந்துகொண்டு வரவில்லை. குறையவே இல்லை. நான்தான் எழுத்தை ஊதி ஊதி அவளுக்கு எட்டாத பக்கம் தள்ளிக்கொண்டிருந்தேன். மடையா, மடையா என்று என்னைத் திட்டிக்கொண்டேன், ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் ஒரு மடத்தனத்துக்காக இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அடுப்படியில் தனியாக நின்று தொட்டியைப் பார்த்துச் சிரித்தேன்.

வேண்டியது பெரிய எழுத்து இல்லை, ஒல்லி எழுத்து. லதா நல்லவள்தான், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அகலமாகக் கால் நீட்டி உட்காருகிறவள். ணகரத்துக்கு மூன்று சுழி, ஐகாரம் சேர்ந்தால் முன்னால் ஒரு சங்கிலி வேறு, நாலெழுத்துச் சொல் என்றால் அரைத் தாள் போய்விடும். உயரமாக, நெருக்கமாக, ஆனால் தடிப்பாக ஓர் எழுத்து வேண்டும், எங்கே பார்த்திருக்கிறேன், பார்த்திருக்கிறேனே, பெட்டிக்கடை. சாயங்காலப் பேப்பருக்குக் கடை வாசலில் தொங்கவிடுவார்களே போஸ்டர், வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில், அது. ஒரு வரிக்கு ஒரு சொல், எல்லாம் நெட்டை நெட்டையாக நின்று கத்தும். எனக்கு அந்த எழுத்தைக் கண்டாலே ஆகாது, இப்படியா தொண்டை கிழியக் கத்துவது என்பேன். கோதைக்கு அது உயிர். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்றைப் படிப்பாள், பிரபல நடிகர் திடீர் முடிவு என்று போட்டிருந்தால் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் நடிகருக்கு மூன்று முடிவு சொல்லிவிடுவாள். பட்டியலில் கீழே போனேன், இல்லை, இல்லை, இது ஒல்லி ஆனால் நோஞ்சான், காற்றடித்தால் விழுந்துவிடும், இது சாய்ந்து நிற்கிறது, இது, இது, நில், இதுதான். நெட்டை, தடிப்பு, ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நிற்கிறது, தமிழைத் தட்டினால் தமிழாகவே வருகிறது. என்ன அடிப்பது. உரலா. உரலை அடித்தால் உரலாலேயே அடிப்பாள். பூ, நிலா, உன் மகன் இனியன், இதெல்லாம் வேண்டாம், அவள் எழுத்தை எதற்காகப் படித்தாள், மேலே என்ன என்று தெரிந்துகொள்ளத்தானே. சரி, அப்படியானால் அதற்கு ஒரு போஸ்டர்தான் சரி. கை தானாகவே அடித்தது, ஒரு வரிக்கு ஒரு சொல், எல்லாம் தாளின் இடது ஓரத்தை ஒட்டி. கணவர். கைது. மனைவி. பரபரப்பு. பேட்டி.

அச்சுப்பொறி தாளைப் பிடித்து இழுத்துப் பாதியில் நின்றது, மறுபடி இழுத்தது, அந்தச் சத்தத்துக்கு உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. எழுந்துவிட்டாள். மணியைப் பார்த்தேன், செல்வி வருகிற நேரம் நெருங்கிவிட்டது. ஒருவேளை இதுவும் இல்லையென்றால் என்ன செய்வேன், தாளை எடுத்து ஒளித்துவிடலாமா, செல்வி வந்தபின் அவள் கையால் கொடுக்கச் சொல்லலாமா, அவள் பயிற்சி பெற்றவள், நான் யார், கரண்டுக் கம்பத்தைப் பார்த்துக் காலம் தள்ளியவன். அதற்குள் கோதை வந்துவிட்டாள், வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டு, இடது கையால் தலைமுடியை ஒதுக்கியபடி. "இன்னும் அந்த லதாகிட்டதான் உக்காந்திருக்கீங்களா?" இல்லை, வேறு ஆள் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அச்சுப்பொறியிலிருந்து தாளை அவளே உருவினாள். ஏதோ துண்டுக் காகிதம் என்று எடுத்திருப்பாள், தூசி துடைக்க எடுத்திருப்பாள், எனக்குத் தெரியாது. கண் அதில் விழுந்தது. விரல் தாளின்மேல் போனது, முதல் வரியில் நின்றது. "க" என்றாள். மின்விசிறி உள்ளே டக்கென்றது. "ண. கண... வர். கணவர்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நான் எதையும் முகத்தில் காட்டாமல் இருக்க முயன்றேன், முடிந்திருக்காது. அடுத்த வரிக்கு விரல் இறங்கியது, ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது, எழுத்து நழுவப்போகிறது, போய்விட்டது, தாளைக் கவிழ்க்கப்போகிறாள் என்று நினைத்தேன். கவிழ்க்கவில்லை. "கை. கைது." அவளுடைய புருவம் மேலே போனது. "கணவர் கைதா? எந்தக் கணவர்?"

"நான்தான்" என்றேன்.

"எதுக்கு?" என்றாள். "எதுக்குன்னு போட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மனைவி வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று, ம என்று ஆரம்பித்து, விட்டு, மறுபடி ம என்று ஆரம்பித்து, னை என்று சேர்த்து, வந்துவிட்டது. நாலாவது வரியில் பர என்பதோடு நின்றாள். கண்ணைக் கசக்கிக்கொண்டாள். கண்ணில் நீர் இருந்தது, களைப்பா வேறெதுவுமா என்று நான் கேட்கவில்லை, என் கண்ணிலும்தான் இருந்தது. "இதுக்கு மேல ஓடுது, பிடிக்க முடியலை. என்னன்னு சொல்லுங்க."

"பரபரப்பு. பேட்டி. மனைவி பரபரப்பு பேட்டி."

வாசல் மணி அடித்தது, செல்வியாகத்தான் இருக்கும். நான் எழப் போனேன். கோதை என் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "கதவு தெறந்துதான் இருக்கு, உள்ள வாம்மா" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பிறகு திரையைக் காட்டி, "பேட்டி நான்தான குடுக்கணும்? சொல்றேன், அடிங்க. இதே எழுத்துல அடிங்க. நான் சொல்லாததை எதையாவது சேர்த்தீங்க, தெரிஞ்சுரும், நானே படிச்சுப் பாப்பேன்" என்றாள்.